கைதவறிப் பிறந்த விருந்து

சமையலறையிலே ஒருநாளேனும் கைதவறாத குடும்பத் தலைவி இவ்வுலகில் உண்டோ? உப்பு ஒரு பிடி கூடிவிடும். கண்ணை அப்பால் எடுத்த கணத்திலே பால் பொங்கி வழிந்துவிடும். விருந்தினர் படலையைத் திறக்கும் நேரம் பார்த்து அடிப்பிடித்த மணம் எழும்பும். அவ்வேளையில் அவள் மனம் படும் பாட்டை முன்கூடத்தில் இருந்து உரையாடுவோர் அறியார். இலையில் உணவு வந்து சேர்ந்தால், எல்லாம் நன்றாகவே நடந்தது என்று எண்ணி உண்டு எழுந்துவிடுவர்.

பிரான்சு தேசத்துத் திஜோன் நகரிலே, 1930ஆம் ஆண்டில், அந்நகர மேயரின் மனைவியாருக்கும் இத்தகைய தவறு ஒன்று நேர்ந்தது என்று அவ்வூரார் சொல்வர். வீட்டுக்கு வந்திருந்தவரோ சாதாரண விருந்தினர் அல்லர். அக்காலப் பிரான்சில் உணவின் நன்மை தீமைகளைச் சீர்தூக்கிச் சொல்வதில் அவருக்கு ஒப்பாரில்லை என்று பெயர் பெற்றவர். அன்று அந்த அம்மையார் தம் தவறைத் திருத்த எடுத்துக்கொண்ட முயற்சியிலிருந்து புதியதோர் உணவு பிறந்தது. கோழியிறைச்சியைக் கிறீமும் பாற்கட்டியும் கலந்த சோஸில் மூழ்கவைத்து, போறணையில் மேற்புறம் பொன்னிறமாகும்வரை வைத்து எடுக்கும் உணவு அது. சீஸ் என்று நாம் கடையிற் கேட்டு வாங்குவதையே இங்கே பாற்கட்டி என்கின்றோம்.

அவ்வுணவின் வரலாற்றையும் செய்முறையையும் இவ்வாரம் எழுதப் புகுந்தோம். இவற்றோடு நாம் தொடுக்கும் வழக்கொன்றையும் வாசகர்கள் பொறுமையோடு கேட்டுத் தீர்ப்புக் கூறவேண்டும்.

விருந்து அழைத்தவரும் வந்தவரும்

திஜோன், பாரிஸ் மாநகருக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 300 கிலோமீற்றர் தொலைவில் உள்ளது. பூர்கோஞ் என்னும் பழைய மாகாணத்தின் தலைநகர் அதுவே. ஒருகாலத்தில் அரசர்களுக்கு நிகரான செல்வாக்குடன் விளங்கிய பூர்கோஞ் கோமக்களின் இருப்பிடமும் அந்நகரமே. இந்நாளில் உலகத்தார் அதனை அறிவது பெரும்பாலும் நாவின் வழியாகத்தான். திராட்சை மதுவும், கடுகுச் சாந்தும், வாசனைப் பண்டங்கள் சேர்த்த தேன் ரொட்டியும் அவ்வூரின் புகழ்பெற்ற பொருள்கள்.

கஸ்தோன் ஜெரார் என்னும் வழக்கறிஞர் 1919 முதல் 1935 வரை அந்நகரின் மேயராக இருந்தார். முதலாம் உலகப் போரினால் நலிந்திருந்த தம் ஊரை எவ்வாறு தலைநிமிரச் செய்யலாம் என்று அவர் சிந்தித்தார். நல்ல சமையல் இருக்கிறதே என்று கண்டு, 1921இல் உணவுக் கண்காட்சி ஒன்றைத் தொடக்கினார். ஆண்டுதோறும் இலையுதிர்காலத்தில் கூடும் அக்கண்காட்சிக்குப் பிற நாட்டாரும் வரலாயினர். உல்லாசப் பயணத் துறைக்கென்று பிரெஞ்சு அரசாங்கம் 1930இல் முதன்முதலாகப் பொறுப்பாளர் ஒருவரை நியமித்தபோது, அப்பதவியும் அவரையே வந்தடைந்தது. ஆகவே, அவர் வீட்டு மேசையிலே பெரியோர் பலர் அமர்ந்து உண்பது வழக்கமாயிற்று.

அப்படி வந்தவருள் ஒருவரே கூர்னோன்ஸ்கி. பெயரைக் கேட்டு அவரை இரஷ்யர் என்று எண்ணவேண்டா. 1872இல் அன்ஜே நகரிற் பிறந்த அவருடைய இயற்பெயர் மொரிஸ் எத்மோன் சையான். இரஷ்யப் பெயர்களுக்கு மதிப்பு மிகுந்திருந்த காலத்தில் தமக்கொரு புனைபெயர் தேடினார். ‘ஏன் கூடாது?’ என்று பொருள்படும் இலத்தீன் சொற்கள் இரண்டை எடுத்து, இரஷ்யப் பெயர்களின் வால் ஒன்றை அவற்றோடு ஒட்டிக்கொண்டார். பிரான்சின் மாகாணங்கள்தோறும் சென்று, எவ்வூரில் எவ்வுணவு சிறந்தது என்று தம் நண்பர் மார்செல் ரூபுடன் சேர்ந்து பல தொகுதிகளாக எழுதி வெளியிட்டார். 1927இல் அவருக்கு ‘உணவுச் சுவைஞர்களின் இளவரசர்’ என்ற பட்டம் வாக்கெடுப்பினாற் கிடைத்தது. பொருள் எதுவோ அதன் சுவையே உணவில் இருக்கவேண்டும் என்பது அவருடைய கொள்கை. அத்தகையவர் உண்ண வரும் நாளில் அடுக்களையில் நிற்பவரின் நெஞ்சு எவ்வாறு இருந்திருக்கும்!

குப்பி சரிந்த கணம்

மேயரின் மனைவியார் பெயர் ரேன் ஜெனெவியேவ் பூர்கோஞ். ‘ரேன்’ என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கு அரசி என்பது பொருள். ‘பூர்கோஞ்’ என்பதோ அந்த மாகாணத்தின் பெயரேயாகும்.

கோழி பாத்திரத்தில் வெந்துகொண்டிருந்தபோது, பப்பிரிக்காத் தூள் நிறைந்த குப்பி கைதவறி அதனுள் விழுந்துவிட்டதாம். பப்பிரிக்கா என்பது காரம் குறைந்த ஒருவகைச் செம்மிளகாயின் தூள். அமெரிக்கக் கண்டத்திலே தோன்றிய மிளகாய்ச் செடி 16ஆம் நூற்றாண்டிலே ஒரு திசையாற் போர்த்துக்கேயரின் கப்பலேறி நம் நாடுகளுக்கு வந்தது. வேறொரு திசையால் ஐரோப்பாவினுட் சென்று, அங்கேரி நாட்டிலே பப்பிரிக்காவாயிற்று. எனவே, திஜோன் அடுக்களையிலே சரிந்தது நம் வீட்டு மிளகாய்த்தூளின் ஒன்றுவிட்ட சகோதரியே எனலாம்.

அம்மையார் கோழியை எடுத்து வெளியே கொட்டவில்லை. வெள்ளைத் திராட்சை மதுவை ஊற்றினார். கொம்தே என்னும் மலைநாட்டுப் பாற்கட்டியைத் துருவிச் சேர்த்தார். கெட்டியான கிறீமைக் கலந்தார். செந்தூளின் உறைப்பு அடங்கி, இளஞ்செம்மை படர்ந்த பொன்னிறச் சோஸ் ஒன்று உண்டாயிற்று. விருந்தினர் உண்டு மகிழ்ந்து போற்றினார் என்றும், அன்றே அந்த உணவுக்குப் பெயர் சூட்டப்பட்டது என்றும் அந்நகரத்துக் கதை கூறுகின்றது.

இதனை வெறும் அதிர்ஷ்டம் என்று சிலர் சொல்லக்கூடும். நாம் அவ்வாறு கருதவில்லை. மிளகாயின் உறைப்பு நீரிற் கரையாது, கொழுப்பிற் கரையும். பாலிலுள்ள கேசீன் என்னும் புரதமும் அதைப் பற்றி இழுத்து அடக்கும். பாற்கட்டி உப்பையும் ஆழ்ந்த சுவையையும் தரும். மதுவின் புளிப்பு, கொழுப்பினால் வரும் திகட்டலைக் குறைக்கும். இவற்றையெல்லாம் அந்த அம்மையார் நூலிற் படித்திருக்கவேண்டும் என்பதில்லை. கறி உறைத்துவிட்டால் முதற்பாலை விட்டு, இறக்கும்போது தேசிக்காய்ப் புளி சேர்க்கும் நம் தாய்மாரும் அதே அறிவு படைத்தவர்களே. கை தவறுவது எவருக்கும் நேரும். தவறிய பின்பு கை எங்கே போகிறது என்பதிலேதான் பல ஆண்டுப் பழக்கம் தெரியும்.

எம் வழக்கு இதுதான்

இனி வழக்குக்கு வருவோம். அன்று சூட்டப்பட்ட பெயர் என்ன தெரியுமா? ‘கஸ்தோன் ஜெரார் கோழி’. இன்றளவும் திஜோன் உணவகங்களின் பட்டியலிலும் சமையல் நூல்களிலும் அதன் பெயர் அதுவே. அடுப்படியில் நின்றவர் மனைவி. குப்பியைச் சரித்தவரும் அவர். குற்றத்தைக் குணமாக்கியவரும் அவர். மேசையின் தலைப்பில் அமர்ந்திருந்தவர் கணவர். பெயர் கணவருக்கே போயிற்று. அரசி என்ற பெயரும் மாகாணத்தின் பெயரும் சேர்ந்து விளங்கும் அழகிய பெயர் அருகே இருக்க, அது ஏட்டின் மூலையிலே தங்கிவிட்டது.

மேயரை நாம் குறைகூறவில்லை. ஊருக்கு உழைத்தவர் அவர். உணவுக்குப் பெரியோரின் பெயரை இடுவது பிரெஞ்சுச் சமையலின் நெடுநாள் மரபுமாகும். மாவும் வெண்ணெயும் பாலும் சேர்த்துக் காய்ச்சும் ‘பெஷமேல்’ என்ற வெண்சோஸ், 14ஆம் லூயி மன்னனின் அரண்மனையில் உயர்பதவி வகித்த லூயி த பெஷமேய் என்னும் செல்வரின் பெயரைத் தாங்குகின்றது. அவர் கரண்டி பிடித்தவர் அல்லர், பணக்கணக்குப் பார்த்தவர்.

ஆயினும், உழைத்த கையின் பெயரே நிலைத்த நிகழ்ச்சிகளும் உண்டு. லமோத்-பூவ்ரோன் என்னும் சிற்றூரிலே விடுதி நடத்திய ததேன் சகோதரியர் இருவர் அப்பிள் பழங்களை அடியிலும் மாவை மேலுமாக இட்டுச் சுட்டுக் கவிழ்த்த இனிப்பு, இன்றும் ‘ததேன்’ என்றே வழங்குகின்றது. அதுவும் கைதவறிப் பிறந்ததென்று கதை சொல்வர். அக்கதையை வரலாற்றறிஞர் ஐயுறுவர். வியப்பு என்னவெனில், அச்சகோதரியரின் பெயரோடு அவ்வினிப்பைப் பிரான்சு முழுவதும் பரப்ப உதவியவர்களுள் நம் கூர்னோன்ஸ்கியும் ஒருவர்.

இன்னொருவர் எயூஜெனி பிராசியே. 1895இல் உழவர் குடியிற் பிறந்து, இளமையிலே தாயை இழந்து, வீட்டுப் பணிப்பெண்ணாக லியோன் நகருக்கு வந்தவர். 1921இல் அங்கே தமக்கெனச் சிறிய உணவகம் ஒன்றைத் திறந்தார். 1933இல், அவர் நடத்திய இரண்டு உணவகங்களுக்கும் மிஷலேன் வழிகாட்டி நூல் மும்மூன்று நட்சத்திரங்களை வழங்கியது. அவருக்கு முன் ஆணோ பெண்ணோ எவரும் அவ்வாறு ஆறு நட்சத்திரங்களைப் பெற்றதில்லை. ‘பிராசியே அன்னை’ என்ற பெயர் அவர் உணவகத்தின் வாயிலில் இன்றும் இருக்கின்றது.

இவ்வழக்கு பிரெஞ்சுக்காரருக்கு மாத்திரம் உரியதன்று. 1980களிலிருந்து நம்மவர் பலர் பாரிஸ் மாநகரை அடைந்து, அங்குள்ள உணவகங்களின் சமையலறைகளிலே பாத்திரம் கழுவுவதில் தொடங்கி, பின்பு அடுப்படி வரை உயர்ந்துள்ளனர். இங்கே நாம் சொல்லும் கோழியைப் போன்ற உணவுகளை, அவற்றின் பெயரைப் பிழையின்றிச் சொல்லப் பழகுமுன்னரே செய்யப் பழகியவர்களும் அவர்களுள் இருப்பர். உண்போர் அவர்களைக் காண்பதில்லை. அவர்கள் அனுப்பிய பணத்தால் இங்கே படித்த பிள்ளைகள் பலர்.

சேரும் பொருள்களின் சிறப்பு

திஜோனுக்குக் கிழக்கே சுவிற்சர்லாந்து எல்லையை ஒட்டி ஜூரா என்னும் மலைத்தொடர் இருக்கின்றது. கொம்தே பாற்கட்டி அங்கே செய்யப்படுவது. ஏறத்தாழ 40 கிலோகிராம் எடையுள்ள வண்டிச் சில்லுப் போன்ற ஒரு கட்டிக்கு 400 லீற்றர் பால் வேண்டும். குறைந்தது நான்கு மாதமேனும் நிலவறையில் வைத்து முதிரவிடுவர். முதிர முதிர வறுத்த கொட்டைகளின் மணம் ஏறும். 1958இல் அதன் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு அளிக்கப்பட்டது. அம்மலைப்பகுதியிற் செய்யாத எதனையும் கொம்தே என்று விற்றல் கூடாது. பூர்கோஞுக்கு அயலிலுள்ள பிரெஸ் நாட்டுக் கோழியின் பெயரும் 1957 முதல் அவ்வாறே காக்கப்படுகின்றது. அக்கோழிக்குச் சிவந்த கொண்டை, வெண்சிறகு, நீலக் கால்கள். பிரெஞ்சுக் கொடியின் மூன்று நிறங்களும் அதன் உடலில் உண்டென்று அந்நாட்டார் பெருமை பேசுவர்.

பாற்கட்டிக்கும் கோழிக்கும் பெயரைக் காக்கச் சட்டம் இயற்றியவர்கள், திஜோன் கடுகுக்கு அவ்வாறு செய்யவில்லை. ‘திஜோன் கடுகு’ என்பது ஒரு செய்முறையின் பெயரே; எந்த நாட்டிலும் அதைச் செய்யலாம். அதற்கு வேண்டிய விதையிற் பெரும்பகுதி கனடாவிலிருந்தே பிரான்சுக்கு வந்தது. 2021இல் கனடாவிலே கடும் வெப்பமும் வறட்சியும் விளைச்சலைக் கெடுத்தமையால், 2022இல் பிரெஞ்சுக் கடைகளின் கடுகுத் தட்டுகள் வெறுமையாகக் கிடந்தன.

மாணவர்க்கு ஒரு குறிப்பு: கடுகு விதையை அப்படியே மென்றால் உடனே காரம் தெரியாது. அரைத்து நீர் பட்ட பின்பே, விதையிலுள்ள நொதியம் ஒன்று வேலை செய்து, மூக்கில் ஏறும் காரத்தை உண்டாக்குகின்றது. கொதிக்கவைத்தால் அக்காரம் பறந்துவிடும். ஆதலால், கடுகுச் சாந்தைக் கடைசியிலேயே சேர்க்கவேண்டும். அது எண்ணெயும் நீரும் பிரியாமற் பிடித்துவைக்கும் தன்மையும் உடையது.

வேண்டிய பொருள்கள்

ஆறு பேருக்கு: எட்டுத் துண்டுகளாக வெட்டிய கோழி ஒன்று, ஏறத்தாழ 1½ கிலோகிராம், வெண்ணெய் 40 கிராம், சமையல் எண்ணெய் 1 மேசைக்கரண்டி, பப்பிரிக்காத் தூள் 2 தேக்கரண்டி, வெள்ளைத் திராட்சை மது 200 மில்லிலீற்றர், துருவிய பாற்கட்டி 150 கிராம், கெட்டியான கிறீம் 300 மில்லிலீற்றர், கடுகுச் சாந்து 1½ மேசைக்கரண்டி, பாண் தூள் 2 மேசைக்கரண்டி, உப்பு, மிளகுத்தூள் அளவாக.

மது புழங்காத வீட்டார் கோழியெலும்பு அவித்த சாறு 200 மில்லிலீற்றருடன் 1 மேசைக்கரண்டி தேசிக்காய்ப் புளி சேர்த்துக்கொள்ளலாம். பப்பிரிக்கா கிடையாதவிடத்து, மிளகாய்த்தூள் அரைத் தேக்கரண்டி மாத்திரம் போதும். கடுகுச் சாந்துக்கு, நம் வீட்டுப் பழுப்புக் கடுகை வினாகிரியில் ஓரிரவு ஊறவைத்துச் சிறிது உப்புடன் அரைத்து, இரண்டு நாள் மூடிவைத்தால் கசப்புத் தணியும். திஜோனில் அரைப்பதும் அதே இனக் கடுகே. கொம்தே கிடைத்தற்கு அரிது, விலையும் அதிகம். முதிர்ந்த, உருகத்தக்க வேறெந்தக் கடினப் பாற்கட்டியும் ஏற்றது. பேணியில் வரும் பாற்கட்டி எளிதில் உருகும். ஆயின் சுவையில் அதற்கு ஈடாகாது. கிறீமுக்குப் பதிலாகத் தேங்காய்ப்பால் விட்டால் நல்லதொரு கறி கிடைக்கும். இந்த உணவு கிடைக்காது.

செய்யும் முறை

கோழித் துண்டுகளை ஈரம் போகத் துடைத்து உப்பும் மிளகும் தடவுக. அடிகனத்த தாச்சியில் வெண்ணெயையும் எண்ணெயையும் சூடாக்கி, தோற்பக்கம் கீழாக இட்டு, இருபுறமும் பொன்னிறமாகும்வரை வதக்குக. தாச்சியை நிறைக்காது, இரண்டு முறையாக வதக்குதல் நன்று. நெருக்கினால் இறைச்சி நீர்விட்டு அவியுமே அன்றி நிறம் பிடியாது.

பின்பு அனலைக் குறைத்து, பப்பிரிக்காத் தூளைத் தூவி ஒருமுறை கிளறி, மூடிபோட்டு 25 முதல் 30 நிமிடம் வேகவிடுக. அத்தூள் விரைவிற் கருகிக் கசக்கும். ஆகவே பெருநெருப்பில் அதைத் தூவலாகாது. துண்டின் தடித்த பகுதியைக் குத்தினால் நிறமற்ற சாறு வரவேண்டும். வெப்பமானி உள்ளவர்கள் உட்புறம் 74 பாகை செல்சியசு இருத்தலைப் பார்த்துக்கொள்க.

கோழியை எடுத்து, போறணைக்கு ஏற்ற அகன்ற பாத்திரத்தில் அடுக்குக. தாச்சியில் எஞ்சிய கொழுப்பில் இரண்டு கரண்டி விட்டு மிகுதியை வடித்துவிடுக. மதுவை ஊற்றி, அடியில் ஒட்டியதை மரக்கரண்டியாற் சுரண்டி, பாதியாக வற்றும்வரை கொதிக்கவிடுக. சுவையெல்லாம் அவ்வடியிலே இருக்கின்றது.

இனிக் கிறீமை ஊற்றி, மெல்லிய சூட்டில் இரண்டு மூன்று நிமிடம் தடிக்கவிடுக. தாச்சியை அடுப்பிலிருந்து இறக்கிய பின்பு, பாற்கட்டியில் 100 கிராமைப் பிடிபிடியாகத் தூவி, ஒவ்வொரு பிடியும் கரைந்த பின்னரே மறுபிடியை இடுக. கடுகுச் சாந்தைக் கலந்து, உப்புச் சரிபார்த்து, கோழியின்மேல் ஊற்றுக. எஞ்சிய பாற்கட்டியையும் பாண் தூளையும் மேலே தூவி, 220 பாகை செல்சியசு சூடேறிய போறணையில் 10 முதல் 12 நிமிடம் வைக்க. மேற்புறம் குமிழியிட்டுப் பொன்னிறமானதும் எடுத்து, ஐந்து நிமிடம் ஆறவிட்டுப் பரிமாறுக. போறணை இல்லாதவர்கள் கனத்த மூடிமேல் தணலிட்டு மேற்சூடு கொடுக்கலாம். அவித்த உருளைக்கிழங்கோ, சோறோ, சோஸைத் துடைத்து உண்ணப் பாணோ துணையாக இருக்கலாம்.

நாம் பட்ட பாடு

இவ்வளவும் எழுதுகிறோமே, முதல்முறை நமக்கு இது வாய்த்ததோ என்று வாசகர்கள் கேட்கலாம். வாய்க்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை உறவினரை மதிய உணவுக்கு அழைத்துவிட்டு, நேரம் போதாமற் பதறினோம். சோஸ் கொதித்துக்கொண்டிருக்கும்போதே பாற்கட்டி முழுவதையும் ஒரேயடியாகக் கொட்டினோம். கண்முன்னே அது இறப்பர் போலத் திரண்டு கரண்டியைப் பற்றிக்கொண்டது. எண்ணெய் தனியே மேலே மிதந்தது. சூடு மிகுந்தால் பாற்கட்டியின் புரதம் இறுகிக் கொழுப்பை வெளியே தள்ளிவிடும் என்பதை அன்று கண்ணாற் கண்டோம்.

முன்கூடத்தில் பேச்சுச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. உதவிக்கு நின்ற எம் மச்சாள் எட்டிப் பார்த்தார்.

“முதலில் அடுப்பை நிற்பாட்டும், பதறுவதைப் பிறகு பார்ப்போம்,” என்றார்.

தாச்சியை இறக்கிக் கீழே வைத்தார். ஒரு தேக்கரண்டி சோளமாவைக் குளிர்ந்த சாற்றிற் கரைத்து, அதிற் பாதித் தேசிக்காயைப் பிழிந்தார். அதைச் சிறிது சிறிதாக ஊற்றி, முட்டை அடிக்கும் கம்பியால் ஓயாது அடித்தார். தாச்சியை மீண்டும் மெல்லிய சூட்டுக்கு மேலே பிடித்தும் எடுத்தும், ஐந்து நிமிடம் ஒரு வார்த்தையும் பேசாது நின்றார். திரண்டது தளர்ந்தது, மிதந்த எண்ணெய் உள்ளே மறைந்தது, சோஸ் மீண்டும் பட்டுப்போல வழிந்தது. புளிப்பும் மாவும் சேர்ந்து புரதத்தின் பிடியைத் தளர்த்திக் கொழுப்பை மீண்டும் உள்வாங்கும் என்ற விளக்கத்தை நாம் பின்னர்தான் அறிந்தோம்.

“இது எங்கே பழகினீர்கள்?” என்று கேட்டோம்.

“பால் திரைந்துபோக விட்டிருந்தால் அம்மா எங்களை வீட்டில் வைத்திருப்பாரோ?” என்று சொல்லிக்கொண்டு கையைக் கழுவினார்.

மேசையிலே எல்லோரும் உண்டு புகழ்ந்தனர். பாத்திரத்தின் மூலையை வழித்து உண்டவர்களும் இருந்தனர். “உம்முடைய கைப்பக்குவமே தனி,” என்று பெரியவர் ஒருவர் எம்மைப் பார்த்துச் சொன்னார். நாம் தலையைத் தாழ்த்திச் சிரித்தோம். மச்சாள் தண்ணீர்க் குவளைகளை நிரப்பிக்கொண்டிருந்தார். நாம் ஒன்றும் சொல்லவில்லை.

அன்றிரவு, அந்தத் திஜோன் மேயரை நினைந்தோம். அவரும் நம்மைப்போல ஒரு கணம் வாய்திறவாது இருந்திருப்பார்; அந்தக் கணம் ஒரு பெயராகிவிட்டது. ஒருவரது உழைப்பு மறைவதற்கு மற்றவர் பொய் சொல்லவேண்டும் என்பதில்லை. உண்மை சொல்லவேண்டிய இடத்திலே சிரித்துக்கொண்டு இருந்தாற் போதும். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கின்றோம். உப்பை வாங்கிவந்தவரை நினைக்கின்றோம். அதை அளவறிந்து இட்டவரை மறந்துவிடுகின்றோம்.

2010ஆம் ஆண்டில், பிரெஞ்சு மக்களின் விருந்துண்ணும் முறையையே மனித குலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாக யுனெஸ்கோ நிறுவனம் ஏற்றுக்கொண்டது. 2022இல் திஜோன் நகரிலே உணவுக்கும் திராட்சை மதுவுக்குமென்று பெரியதொரு நிலையமும் திறக்கப்பட்டது. கஸ்தோன் ஜெராரின் பெயர் அந்நகரில் நிலைத்திருக்கட்டும். அவர் ஊருக்கு வழிகாட்டியவர். இந்தக் கோழியைச் செய்து பரிமாறும் வாசகர்கள் மாத்திரம், அதன் பெயரைச் சொல்லும்போது ரேன் ஜெனெவியேவ் பூர்கோஞ் என்ற பெயரையும் ஒருமுறை சேர்த்துச் சொன்னால் எம் வழக்குக்கு அதுவே தீர்ப்பாகும்.

எம் மச்சாளின் பெயரையும் இங்கே எழுத விரும்பினோம். “பத்திரிகையில் என் பெயர் எதற்கு? அடுத்த முறை பாற்கட்டியைப் பிடிபிடியாகப் போடும், அது போதும்,” என்று மறுத்துவிட்டார். அவர் சொற்படி பெயரை இடாது விடுகின்றோம். ஆயினும், எம் வீட்டிலே அவ்வுணவைப் பிள்ளைகள் இனிக் ‘கஸ்தோன் ஜெரார் கோழி’ என்று கேட்கமாட்டார்கள். ‘மாமி கோழி’ என்றே கேட்பார்கள். அப்பெயருக்கான காரணத்தை உண்ண வருவோருக்கெல்லாம் சொல்லுவது எம் பொறுப்பு.